மிடி நீங்குக! பண் ஓங்குக!

மிடி என்னுஞ் சொல்லைத் தமிழர் அறிவர். வறுமைக்கு அது பழம்பெயர். கையில் பொருளின்மை ஒரு மிடி. கையிலுள்ள பொருளின் பெயரும் பெருமையும் அறியாமை அதனினும் கொடிய மிடி. இற்றை இசையுலகில் 'மிடி' என்று வழங்குவதோ வேறொன்று. நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கூட்டிச் சமைத்த பெயர் அது. இசைக்கருவிகள் ஒன்றோடொன்றும் கணிப்பொறியோடும் எண்களால் உரையாடிக்கொள்வதற்கான பொதுநெறி என்பதே அதன் பொருள். வீட்டுக் கணிப்பொறியோடு ஒரு விசைப்பலகையைப் பொருத்தி இசை மீட்டுகின்ற ஒவ்வோர் இளைஞனும் அறிந்தோ அறியாமலோ இந்நெறியின் வழியேதான் மீட்டுகின்றான். அயலார் ஆக்கிய இந்த மிடி, தமிழிசையின் மிடியைத் தீர்க்குமா, பெருக்குமா என்பதே இங்கு எண்ணத் தக்கது.

முதற்கண் அதன் வரலாற்றைக் காண்போர்க்கு ஓர் உண்மை விளங்கும். 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மின்னிசைக் கருவிகளை ஆக்கிய நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தனக்கெனத் தனித்தனி இணைப்பு முறையை வைத்திருந்தன. ஒரு நிறுவனத்தின் கருவி மற்றொன்றின் கருவியோடு பேசாது. இந்நிலையை மாற்ற அமெரிக்கப் பொறியாளர் தேவ் சிமித்தும், சப்பானியராகிய இக்குத்தாரோ காக்கெகாசியும் முன்வந்தனர். 1983-ஆம் ஆண்டு சனவரியில் கலிபோர்னியாவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில், இருவேறு நிறுவனங்களின் கருவிகள் ஒரே கம்பிவடத்தால் பிணைக்கப்பட்டு, ஒன்றை அழுத்த மற்றொன்று ஒலித்தது. அவ்வாண்டிலேயே நெறியும் நூலாக வெளியிடப்பட்டது. அதனைக் கையாள்வதற்கு எவரும் எவர்க்கும் உரிமைப் பணம் தரவேண்டுவதில்லை என்றும் விடப்பட்டது. சந்தையில் ஒருவரையொருவர் வீழ்த்த நின்ற வணிகர்களே பொதுமொழி ஒன்று வேண்டுமென உணர்ந்து ஒன்றுபட்டனர். தமக்கென மூவாயிரம் ஆண்டுப் பொதுமொழி இருந்தும் அதனைக் கைவிட்டு ஆங்கிலத்தில் உரையாடிக் களிக்கும் தமிழர் இதனைச் சற்றே எண்ணிப் பார்ப்பாராக.

இனி, இந்நெறி இயங்குமாற்றை அனகாபுத்தூர் நெசவாளியிடம் சொன்னால் நொடியில் விளங்கிக்கொள்வார். அடையாற்றங்கரையில் பல்லாவரத்திற்கும் பம்மலுக்கும் அணித்தே அமைந்து, 2021-இல் தாம்பரம் மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட அவ்வூர், தறிக்குப் பெயர்பெற்றது. ஒரு காலத்தில் அங்கு நெய்த கட்டமிட்ட துணிகள் கடல் கடந்து நைசீரிய நாட்டு மக்களின் உடலை அணிசெய்தன. இன்றோ வாழை நார் போன்ற இயற்கை நார்களையும் ஆடையாக்கும் கைத்திறனால் அவ்வூர் பேசப்படுகின்றது. கட்டத்துணியின் அமைப்பை ஒரு நெசவாளி மற்றொருவர்க்குத் தெரிவிக்க விரும்பினால், துணியையே அனுப்பவேண்டும் என்பதில்லை. இத்தனை சிவப்பிழை, அடுத்து இத்தனை கருப்பிழை, பாவில் இவ்வளவு, ஊடையில் இவ்வளவு என்று கணக்கை மட்டும் எழுதியனுப்பினால் போதும். கணக்கைப் பெற்றவர் தம்மிடமுள்ள நூலைக்கொண்டு அத்துணியை நெய்துவிடுவார்.

மிடியும் அத்தகைய கணக்கே. அக்கம்பிவடத்தின் வழியே ஒலி செல்வதில்லை, கணக்கே செல்கின்றது. ஒரு கட்டையை அழுத்தியவுடன் மூன்று எண்கள் புறப்படுகின்றன. அழுத்தப்பட்டது என்னும் செய்தியையும், பதினாறு தடங்களுள் எத்தடம் என்பதையும் முதலெண் கூறும். எந்தக் கட்டை என்பதை இரண்டாம் எண் கூறும். எவ்வளவு விசையோடு அழுத்தப்பட்டது என்பதை மூன்றாம் எண் கூறும். கட்டைகளுக்கு 0 முதல் 127 வரை எண்ணிட்டுள்ளனர். நடு மண்டிலத்தின் ஒன்றாங் கட்டைக்கு 60 என்பது எண். இவ்வெண்களைப் பெறும் கணிப்பொறி, தன்னிடமுள்ள மென்பொருளைக்கொண்டு குழலாகவோ யாழாகவோ முரசாகவோ ஒலியை நெய்து தருகின்றது.

பொருத்தும் முறையும் கடினமன்று. இற்றை விசைப்பலகைகளில் பெரும்பாலானவை யு.எசு.பி. வடத்தாலேயே கணிப்பொறியோடு நேரே இணைவன. பழைய கருவிகளில் ஐந்து முனைகொண்ட வட்டத் துளைகள் இருக்கும். அவற்றுக்கு இடையே ஓர் இணைப்புப் பெட்டி வேண்டும். ஆங்குத் தொடக்கத்தில் பலரும் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. விசைப்பலகையின் 'வெளி'த் துளையிலிருந்து வரும் வடம் பெட்டியின் 'உள்'துளையிற் சேரவேண்டும். வெளியை வெளியோடு இணைத்தால் இருவரும் பேச, கேட்பார் எவரும் இல்லாத பட்டிமன்றமாய் முடியும். மற்றொரு தடுமாற்றம், கட்டையை அழுத்திய பின் ஒலி பிந்தி வருதல். கணிப்பொறி ஒலிக்கூறுகளைச் சிறிது சேர்த்துவைத்த பின்னரே வெளியிடுகின்றது. நொடிக்கு 44,100 கூறு என்னுங் கணக்கில், 1,024 கூறுகளைச் சேர்த்துவைத்தால் ஏறத்தாழ 23 மில்லி நொடி பிந்தும்; விரலுக்கும் செவிக்கும் பிணக்கு நேரும். 256 கூறுகளாகக் குறைத்தால் 6 மில்லி நொடிக்குள் அடங்கும், பிணக்குத் தீரும். இவ்வளவே கற்கவேண்டுவது. இச்சிறு கல்வியைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி உடன்வைத்தால், எட்டாம் வகுப்புப் படிக்கும் நெசவாளி மகளும் ஒரு மாலைப்பொழுதில் பொருத்திவிடுவாள். ஆயின், கருவிப் பெட்டியைத் திறந்தால் உள்ளிருக்கும் குறிப்பேடு ஆங்கிலத்தில் பேசும், சப்பானியத்தில் பேசும், சீனத்தில் பேசும். தமிழில் அதைத் தேடினால் கிடைப்பது அரிது. விற்பவன் தமிழ்நாட்டில் விற்கின்றான்; வாங்குபவன் தமிழ்ப் பணத்தில் வாங்குகின்றான்; மொழி மட்டும் வாயிலுக்கு வெளியே நிற்கின்றது. கேட்டுப் பெறாத குறை வாங்குபவனதே.

இக்கருவி தமிழிசைக்கு ஆகாது, அயலார் பொருளைத் தொடுதலே தீட்டு என்று கூறுவாரும் உளர். அவர்க்கு வரலாறே விடை கூறும். வயலின் மேலை நாட்டினின்று வந்தது. தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலு அதனைக் கற்றுத் தேர்ந்து நம்மவர் பண்ணுக்குப் பணிசெய்ய வைத்தார். திருவிதாங்கூர் மன்னரிடம் 1834-இல் தந்தத்தாலான வயலினைப் பரிசாகவும் பெற்றார். இன்று அக்கருவியில்லாத வாய்ப்பாட்டரங்கைக் காண்டல் அரிது. ஆர்மோனியப் பெட்டியும் அவ்வாறே வந்தது. தமிழ் நாடக மேடை அதனை அணைத்துக்கொண்டது. அனைத்திந்திய வானொலியோ 1940-இல் அதனை விலக்கிவைத்தது. 1971-இல்தான் அவ்விலக்குச் சற்றே தளர்ந்தது. நரம்பிலும் குழலிலும் மிடற்றிலும் இயலுகின்ற அசைவும் குழைவும் பெட்டியின் கட்டைகளில் இயலா என்பதே அவ்விலக்கிற்குச் சொல்லப்பட்ட தலையாய குற்றச்சாட்டு. குற்றச்சாட்டில் உண்மை இருந்தது. விலக்கில் பயன் இல்லை. வானொலி விலக்கியதால் கூத்துமேடை அதனை விலக்கிவிடவில்லை.

அப்பெட்டியால் தமிழுக்கு விளைந்த நன்மை ஒன்றைப் பலரும் மறந்தனர். பாடகர் தம் குரலின் நிலையை 'ஐந்து கட்டை', 'ஐந்தரைக் கட்டை' என்று சொல்லும் வழக்கு, அப்பெட்டியின் கட்டைகளை எண்ணியதால் பிறந்தது. எந்தக் குழுவும் கூடிச் சொல்லாக்கம் செய்யவில்லை. எந்த அரசும் ஆணை பிறப்பிக்கவில்லை. நாடகக்காரரும் அவர் பாட்டைக் கேட்ட பொதுமக்களும் தாமே ஒரு தமிழ்ச்சொல்லை எடுத்து அயற்கருவிக்குச் சூட்டினர். அது நூறாண்டாக வாழ்கின்றது. புதியவற்றுக்குத் தமிழில் பெயரில்லை என்று கைவிரிக்கும் கற்றோர், கல்லாத கூத்துக்கலைஞரிடம் பாடங் கேட்பாராக.

அக்கட்டைகளைக் கொண்டே இனி ஒரு புதுமையைக் காணலாம். புதுமையன்று, மறந்த பழமை. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்பன தமிழர் ஏழிசைக்கு இட்ட பெயர்கள். சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் மாதரி ஏழு மகளிரை வட்டமாய் நிறுத்தி இவ்வேழு பெயர்களையே அவர்க்குச் சூட்டுகின்றாள். ஏழிசையுள் குரலாய் நிற்பதை மாற்றி மாற்றி வேறுவேறு பாலைகளைப் பிறப்பிக்கும் முறைக்குப் பண்ணுப்பெயர்த்தல் என்று பெயர். விசைப்பலகையின் வெண்கட்டைகளை மட்டும் கொண்டு இம்முறை முழுவதையும் நேரிற் கேட்கலாம். ஐந்தாங் கட்டையைக் குரலாகக் கொண்டு ஏழு வெண்கட்டைகளை வரிசையாய் அழுத்தினால் ஒலிப்பது செம்பாலை. இற்றையோர் அரிகாம்போதி என்பர். ஆறாங் கட்டையிற் தொடங்கினால் படுமலைப்பாலை, அது நடபைரவி. ஏழிற் தொடங்கினால் செவ்வழிப்பாலை. ஒன்றிற் தொடங்கினால் அரும்பாலை, அது சங்கராபரணம். இரண்டிற் கோடிப்பாலை, கரகரப்பிரியா. மூன்றில் விளரிப்பாலை, தோடி. நான்கில் மேற்செம்பாலை, கல்யாணி. ஒரு கட்டை தள்ள ஒரு பாலை பிறக்கின்றது. வெண்கட்டை ஏழும் கருங்கட்டை ஐந்தும் கூடிய பன்னிரண்டு, உரையாசிரியர் வட்டப்பாலையில் வகுத்த பன்னிரு வீடுகளுக்கு ஒப்பாகின்றன.

அயலான் கருவிக்குள் தமிழன் இலக்கணம் ஒளிந்திருக்கின்றது என்று இதற்குப் பொருளன்று. இசையின் இயற்கை எங்கும் ஒன்று. அவ்வியற்கையைத் தமிழர் தொன்றுதொட்டே கண்டு, பெயரிட்டு, வரிசைப்படுத்தி வைத்தனர் என்பதே பொருள். அங்ஙனமாக, அனகாபுத்தூரில் விசைப்பலகை பழகும் சிறுவனுக்கு ஏழு ஆங்கில எழுத்துகள் தெரிகின்றன. சற்று மூத்தவனுக்குச் சரிகமபதநி தெரிகின்றது. குரலும் துத்தமும் இருவர்க்கும் தெரியா. கட்டைகளின் மேல் ஆங்கில எழுத்து ஒட்டிய தாள் கடைகளிற் கிடைக்கின்றது. குரல் முதல் தாரம் வரை எழுதிய தாளை ஒட்டுவதற்கு எவன் தடைசெய்தான்?

இனி, கருவியின் உண்மையான குறையைக் காண்க. குறையை மறைத்துப் புகழ்தல் விற்பனையாளன் வேலை. மேலையர் தம் கட்டைகளை ஒரு மண்டிலத்துள் பன்னிரண்டு சம பங்காக்கிச் சுருதி கூட்டுகின்றனர். எந்தக் கட்டையிலிருந்து தொடங்கினும் ஒரே அளவாய் ஒலிக்கவேண்டும் என்பது அவர்தம் தேவை. அதற்காக இயற்கை இணக்கத்தைச் சிறிது விட்டுக்கொடுத்தனர். குரலின் அதிர்வெண் 240 எனக் கொண்டால், 3:2 என்னும் இயற்கை விகிதத்தில் நிற்கும் இளி 360 ஆகும். கருவியின் இளியோ 359.6. இவ்வேறுபாட்டைச் செவி பெரிதும் உணராது. ஆயின் 5:4 என்னும் விகிதத்தில் நிற்கும் கைக்கிளை 300 ஆக இருக்க, கருவியின் கைக்கிளையோ 302.4 என ஏறி நிற்கின்றது. இரண்டையும் ஒருங்கே ஒலித்தால் நொடிக்கு இரண்டு முறைக்கு மேல் அலைந்து நடுங்கும். தம்புராவின் இணக்கத்தில் பழகிய செவிக்கு அது நெருடலே. இவ்வேறுபாட்டை உணராமல் நாள்தோறும் இக்கருவியையே கேட்டு வளரும் தலைமுறை, நாளடைவில் 302.4-ஐயே செம்மையான கைக்கிளை என்று நம்பிவிடும். மொழியில் பிறமொழிச் சொல் கலந்து, கலப்பே இயல்பென்று ஆனது எவ்வாறோ, அவ்வாறே இதுவும். சொல்லில் நேர்ந்த கலப்பைச் சொல்லாய்வாளர் களையலாம்; செவியில் நேர்ந்த கலப்பைக் களைவது எளிதன்று.

ஆனால் இக்குறைக்கு மருந்தும் அக்கருவியிலேயே உண்டு. சுருதியை வளைப்பதற்கென விசைப்பலகையின் ஓரத்தில் ஓர் உருளை இருக்கும். அதன் இயக்கத்தை மிடி 16,384 படிகளாகப் பகுத்துள்ளது. வழக்கமான அமைப்பில் மேலே இரண்டு அரைச்சுரமும் கீழே இரண்டு அரைச்சுரமும் அதனால் வளையும். ஒரு புறத்துக்கு ஏறத்தாழ 8,192 படி. அவ்வுருளையைக் கையாண்டு அசைவுகளை வாசிக்கும் கலைஞர்கள் இன்று அரங்குகளில் ஏறியுள்ளனர். 1992-இல் ஒவ்வொரு கட்டையின் சுருதியையும் தனித்தனியே மாற்றியமைக்கும் நெறி வகுக்கப்பட்டது. 2020-இல் வெளிவந்த மிடியின் இரண்டாம் பதிப்பு, ஒலிக்கின்ற ஒவ்வொரு சுரத்தையும் தனியே வளைப்பதற்கு இடந்தந்துள்ளது. கருவி கதவைத் திறந்துவிட்டது. உள்ளே நுழையவேண்டியவர் தமிழரே.

நுழைந்து செய்யவேண்டிய வேலை ஒன்று நூறாண்டாய்க் காத்திருக்கின்றது. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில், ஒரு மண்டிலத்தை 24 சம அலகுகளாகப் பகுப்பதே தமிழர் முறையென்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களில் நிலைநாட்டினார். அடியார்க்குநல்லார் உரைவழி நான்கு, நான்கு, மூன்று, இரண்டு, நான்கு, மூன்று, இரண்டு என ஏழிசைக்கு 22 அலகு கொள்ளும் மரபும் உண்டு. ஈழத்து விபுலானந்த அடிகள் கணக்கியலைத் துணைக்கொண்டு பழந்தமிழர் யாழ்களை ஆய்ந்து, 1947-இல் யாழ்நூலைத் தந்தார். இப்பெரியோர் காலத்தில் ஓர் அலகுமுறையைச் செவியால் ஆய, நரம்பை முறுக்கி, மெட்டை நகர்த்தி, மீண்டும் மீண்டும் மீட்டவேண்டியிருந்தது. இன்றோ பண்டிதர் கூறிய ஓர் அலகு என்பது, மேற்கூறிய உருளைக் கணக்கில் 2,048 படி. ஓர் எண்ணை இட்டால் அலகு ஒலிக்கும். இருபத்து நான்கையும் இருபத்திரண்டையும் அடுத்தடுத்து ஒலிக்கச்செய்து, ஓதுவார் ஒருவர் பாடும் பண்ணோடு ஒப்பிட்டு, எது எங்கே பொருந்துகின்றது என்று ஒரே மாலையிற் கேட்டுவிடலாம். பண்டிதர் தம் செல்வத்தையும் வாழ்நாளையும் செலவிட்டு நடத்திய ஆய்வைத் தொடர்வதற்கான கருவி, அனகாபுத்தூர்த் தெருவொன்றில் ஒரு மாணவனின் படிப்பு மேசைமேல் கிடக்கின்றது. அவனோ அதில் திரைப்பாட்டின் மெட்டை மட்டும் தட்டிவிட்டு மூடிவைக்கின்றான். அவனுக்குப் பண்டிதரின் பெயரைச் சொன்னவர் எவர்?

திரையிசையைப் பழிப்பதும் இங்கு நோக்கமன்று. 1986-இல் வந்த புன்னகை மன்னன் படத்திற்கு இளையராசா கணிப்பொறிவழி இசை கோத்தார். 1989-இல் கோடம்பாக்கத்தில் தம் வீட்டை ஒட்டியே ஒலிப்பதிவுக்கூடம் அமைத்த இரகுமான், 1992-இல் 'ரோசா'வின் வழியே உலகின் செவியைத் திருப்பினார். கணிப்பொறியையும் விசைப்பலகையையும் இணைத்துத் தமிழன் உலகத்தரத்தில் இசை செய்யவல்லான் என்பது ஐயமின்றி மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. திறமை உண்டு; கருவி உண்டு. இல்லாதது இலக்கணப் பிடிப்பு ஒன்றே. ஒலிப்பதிவுக்கூடத்தில் தமிழன் அமர்ந்திருக்க, அவன் வாயில் ஆங்கிலக் கலைச்சொல்லும் வடமொழிப் பண்பெயரும் மட்டுமே புழங்குமாயின், அவன் தன் வீட்டிலேயே குடக்கூலிக்கு இருப்பவனாவான்.

இசைக்கு மொழியில்லை என்பார் கூற்றுக்கும் விடை கூறவேண்டும். ஒலிக்கு மொழியில்லை, உண்மை. ஆனால் இசையைக் கற்பிக்க மொழி வேண்டும். சுரத்துக்குப் பெயர் வேண்டும். முறைக்கு நூல் வேண்டும். மொழியில்லை என்று சொல்லிக்கொண்டே ஆங்கிலத்தில் கற்பிப்பவர், மொழியில்லை என்று சொல்லவில்லை. தமிழ் இல்லை என்றே சொல்கின்றார். 1943-இல் தமிழிசைச் சங்கம் தோன்றியபோதும் இதே வாதம் எழுந்தது. தமிழ்நாட்டு மேடையில் தமிழ்ப்பாட்டைப் பாடுக என்று கேட்டமைக்கே, இசையில் மொழிச்சண்டை எதற்கு என்று சினந்தவர் இருந்தனர். அன்று மேடை, இன்று கணிப்பொறித் திரை. இடம் மாறிற்று, வழக்கு மாறவில்லை.

எழுத்துக் கட்டையில் தமிழர் வென்றதை நினைவிற் கொள்க. யாழ்ப்பாணத்து இரா. முத்தையா தட்டச்சுப்பொறிக்குத் தமிழ் விசையமைப்பை ஆக்கினார். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழ்99 என்னும் பொது விசைப்பலகையமைப்புப் பிறந்தது. எழுத்துக்கட்டை தமிழானது போல் இசைக்கட்டையும் தமிழாகவேண்டும். அதற்கு வேண்டுவன மிகப் பலவல்ல. கணிப்பொறியும் விசைப்பலகையும் பொருத்தும் முறையை விளக்கும் சிறுநூல் ஒன்று நல்ல தமிழில் வேண்டும். கட்டைகளின்மேல் ஏழிசைப் பெயர்கள் எழுதப்படவேண்டும். ஏழு பாலைகளையும் 24 அலகையும் 22 அலகையும் கருவியில் ஏற்றுதற்குரிய சுருதிக் கோப்புகளைக் கணக்கறிந்த இளைஞர் ஆக்கி, மிடியை ஆக்கியோர் செய்தது போலவே, விலையின்றி எல்லார்க்கும் தரவேண்டும். பண்ணாய்வாளரும் பொறியாளரும் ஓதுவாரும் ஓரிடத்தில் அமரவேண்டும். தாம்பரத்தை அடுத்த குரோம்பேட்டையில் புகழ்பெற்ற தொழில்நுட்பக் கல்லூரி உண்டு. சென்னையில் அரசின் இசைப் பல்கலைக்கழகம் உண்டு. இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு ஒரு பேருந்துப் பயணம். பேருந்தில் ஏறுவார்தாம் வேண்டும்.

நெசவாளி தறி எந்த நாட்டு மரத்தாற் செய்தது என்று வினவுவதில்லை. நெய்யும் துணியில் தன் கட்டம் இருக்கின்றதா என்றே பார்க்கின்றான். இசைக்கும் அதுவே முறை. கருவி அயலாரதாய் இருக்கட்டும், கணக்குத் தமிழரதாகுக. கட்டை அவர்கள் செய்தது. பண் தமிழர் கண்டது. பண்ணின் பெயரும் மறந்து, அளவும் மறந்து, கருவியை மட்டும் வாங்கிக் குவிப்பவன் இல்லத்தில் எத்துணைக் கருவி இருப்பினும் இருப்பது மிடியே.

மிடி நீங்குக! பண் ஓங்குக!